கட்டுமானப் பொருள் சப்ளையர்களின் தரத்தைத் தொடர்ந்து காப்பது எப்படி?

கேள்வி
பதிவிட்டவர்: தளத்தரம்

அனைவருக்கும் வணக்கம். பல அடுக்குக் கட்டடங்களைக் கட்டும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். எங்களிடம் அங்கீகரிக்கப்பட்ட சப்ளையர் பட்டியல் இருக்கிறது. புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது படிவம் நிரப்பச் சொல்கிறோம், ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழின் நகலை வாங்கி வைக்கிறோம், மாதிரி ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம். அதன் பிறகு அந்த நிறுவனம் ஆண்டுக்கணக்கில் பட்டியலிலேயே இருந்துவிடுகிறது. மறுபடி யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதல் சில லோடுகள் நன்றாகவே வருகின்றன, போகப்போகத்தான் தரம் தளர்கிறது. கம்பிக் கட்டுகளில் ஹீட் நம்பர் (எந்த உருக்குத் தொகுதியிலிருந்து வந்தது என்று காட்டும் எண்) தகடு இருப்பதில்லை. இருந்தாலும் கூடவே வரும் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டில் (உருக்காலையின் சோதனைச் சான்று) வேறு எண் இருக்கிறது. ஆலையில் கலந்து வண்டியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டின் ஸ்லம்ப் (இளகு தன்மையின் அளவு) ஒரே நாளில் வண்டிக்கு வண்டி மாறுகிறது. ஜன்னல் சட்டங்களை யாருக்கு ஆர்டர் கொடுத்தோமோ அவர் செய்யாமல் வேறொரு பட்டறையில் செய்து வாங்கித் தந்தது, பொருத்தும் வேளையில்தான் தெரியவந்தது. கொள்முதல் பிரிவினரிடம் இவற்றைச் சொன்னால், "லேப் ரிப்போர்ட் பாஸ் ஆகியிருக்கிறதே, பிறகு என்ன பிரச்சினை?" என்று கேட்கிறார்கள். விலை குறைவாகச் சொன்னவருக்கே அடுத்த ஆர்டரும் போகிறது.

தரப் பிரிவில் நாங்கள் மிகச் சிலரே இருக்கிறோம்; எல்லாப் பொருளையும் ஒரே ஆழத்தில் சோதிக்க இயலாது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்று எப்படித் தீர்மானிப்பது? பட்டியலில் சேர்த்த பிறகும் தரம் குறையாமல் காப்பதற்கு உங்கள் தளங்களில் உண்மையில் எது பயன்பட்டது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 1
பதிவிட்டவர்: மூத்த கட்டுநர்

வணக்கம். உங்கள் கேள்வியின் முதல் பகுதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே எடுக்கும் முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் சப்ளையர்களைப் பணமதிப்பை வைத்தே வகைப்படுத்துகின்றன; அதிகத் தொகைக்கு வாங்கும் பொருளுக்கு அதிகக் கவனம் கிடைக்கிறது. தரத்துக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. நான் கேட்கும் கேள்விகள் இரண்டு. இந்தப் பொருளில் குறை இருந்தால் அது எப்போது தெரியவரும்? தெரியவந்த பிறகு அதைக் கழற்றி மாற்ற முடியுமா? அடித்தளக் கான்கிரீட், பீமுக்குள் போகும் கம்பி, தரைக்கடியில் போடும் வாட்டர்ப்ரூஃபிங், சுவருக்குள் பதிக்கும் குழாய், முகப்பைத் தாங்கும் ஆங்கர் போல்ட் ஆகியவை மூடப்பட்டபின் கண்ணுக்குத் தெரியாதவை, பிரித்தெடுக்க முடியாதவை. வாட்டர்ப்ரூஃபிங் பொருளுக்கான செலவு மொத்தத் திட்டத்தில் மிகச் சிறியது, ஆனால் அது கெட்டால் மேலே போட்டிருக்கும் அத்தனையையும் உடைக்க வேண்டியிருக்கும். பெயின்ட்டிலோ கதவுக் கைப்பிடியிலோ குறை இருந்தால் எரிச்சல் வரும், மாற்றிவிடலாம். உங்கள் ஆட்கள் சிலரே என்றால் அவர்களுடைய நேரத்தில் பெரும்பகுதி முதல் வகைக்குப் போகட்டும்.

கான்கிரீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கியூப் வலிமையை (கான்கிரீட்டில் வார்த்த கனசதுர மாதிரியை நசுக்கி அளப்பது) 28ஆம் நாளில்தான் பார்க்கிறோம். சாதாரண போர்ட்லாண்டு சிமென்ட் என்றால் 7ஆம் நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலிமை தெரியும். ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) அல்லது ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) கலந்திருந்தால் அதுவும் தாமதமாகும். அந்த 28 நாளுக்குள் அதே தூணின் மேல் அடுத்த தளங்கள் ஏறியிருக்கும். ஆகவே "லேப் ரிப்போர்ட் பாஸ்" என்பது நடந்து முடிந்ததைப் பற்றிய செய்தி. தரத்தைக் கட்டுப்படுத்தும் வேலை அதற்கு முன்பே, ஆர்டர் எழுதும் மேசையிலும் சப்ளையரின் ஆலையிலும் நடந்திருக்க வேண்டும்.

ஆர்டர் எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் அங்கேதான் இருந்தது. "எம்30 கான்கிரீட், நல்ல தரத்துடன்" என்று வலிமைத் தரத்தை மட்டும் எழுதி அனுப்பிவிட்டுப் பிறகு சண்டை போடுவதில் பயனில்லை. அதிகபட்ச நீர்-சிமென்ட் விகிதம், சிமென்ட் வகை, ஜல்லியின் அதிகபட்ச அளவு, எந்த இடத்தில் அளக்கும்போது எவ்வளவு ஸ்லம்ப் இருக்க வேண்டும், கலந்த நேரத்திலிருந்து இறக்கி முடிக்கும்வரை அனுமதிக்கப்படும் நேரம், அட்மிக்சரின் (கான்கிரீட்டின் தன்மையை மாற்றச் சேர்க்கும் வேதிப்பொருள்) பெயர், யார் மாதிரி எடுப்பது, எந்த லேபில் சோதிப்பது, தவறினால் செலவு யாருடையது என்பவை ஆர்டரிலேயே இருக்க வேண்டும். ஸ்லம்ப்பை வண்டி வந்து நிற்கும் கேட்டில் அளப்பதா, பம்ப் குழாயின் முனையில் அளப்பதா என்ற ஒரு வரி விடுபட்டதால் இரு தரப்பும் தத்தம் அளவில் சரியாக இருந்துகொண்டே மாதக்கணக்கில் மோதிக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று: அங்கீகாரத்தை நிறுவனத்தின் பெயருக்குக் கொடுக்காதீர்கள், ஆலைக்கும் பொருளுக்கும் கொடுங்கள். ஒரே நிறுவனத்துக்குப் பல ஆலைகள் இருக்கலாம்; ஒன்றில் தராசுகள் ஒழுங்காக அளவுதிருத்தம் செய்யப்பட்டிருக்கும், மற்றொன்றில் அப்படி இருக்காது. நீங்கள் வாங்கி வைக்கும் ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் அந்த நிறுவனத்தின் மேலாண்மை முறையைப் பற்றியது. உங்கள் தளத்துக்கு வரும் பொருளுக்கு அது உத்தரவாதம் அல்ல. அதிலும் சான்றிதழில் எந்த முகவரி இருக்கிறது, எந்தப் பணிக்காக வழங்கப்பட்டிருக்கிறது, காலாவதி எப்போது, வழங்கிய அமைப்புக்கே அங்கீகாரம் இருக்கிறதா என்பதைப் பார்த்தவர்கள் குறைவு. தலைமை அலுவலகத்தின் விற்பனைப் பணிக்கு வாங்கிய சான்றிதழைக் காட்டி ஆலைப் பொருளை விற்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆலையை நேரில் பார்க்கப் போகும்போது வரவேற்பறையில் உட்கார்ந்து விளக்கப்படம் பார்ப்பதைத் தவிருங்கள். நேராக லேபுக்குப் போய்க் கியூப் ஊறும் தொட்டியைப் பாருங்கள். கியூபின் மேல் தேதியும் அடையாளமும் இருக்கின்றனவா, தண்ணீரின் வெப்பநிலையை யாராவது குறித்து வருகிறார்களா என்று கவனியுங்கள். மணலின் ஈரப்பதத்தைக் கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று கேளுங்கள். திருப்பி அனுப்பப்பட்ட கான்கிரீட்டை என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு அவர்களுடைய நிராகரிப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எந்த ஆலையிலும் குறைகள் நேரும். "எங்களிடம் ரிஜெக்ஷனே கிடையாது" என்று சொல்பவரைவிட, போன மாதம் எதை ஏன் நிராகரித்தோம், பிறகு எதை மாற்றினோம் என்று ஏட்டைத் திறந்து காட்டுபவரிடம் நான் தைரியமாக ஆர்டர் கொடுப்பேன்.

ஜன்னல் விஷயத்தில் உங்களுக்கு நேர்ந்தது மிகப் பரவலாக நடப்பது. ஆர்டர் பெற்றவர் எழுத்துபூர்வ அனுமதியின்றி வேலையை வேறு பட்டறைக்குக் கொடுக்கக் கூடாது, கண்ணாடி, ரப்பர் கேஸ்கெட், கீல், பவுடர் கோட்டிங் ஆகியவை எங்கிருந்து வருகின்றன என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முதலில் செய்த ஒரு முழு ஜன்னலைத் தளத்தில் பொருத்திப் பார்த்து, நீர் தெளித்துச் சோதித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, வேலை முடியும்வரை அதைப் பாதுகாத்து வையுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு லோடையும் அதோடு ஒப்பிடலாம்; வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.


பதில் 2
பதிவிட்டவர்: கலவை நிலையம்

நான் சப்ளையர் தரப்பில் இருப்பவன். ரெடிமிக்ஸ் ஆலை ஒன்றின் உற்பத்திப் பொறுப்பில் இருக்கிறேன். மூத்த கட்டுநர் சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. வண்டிக்கு வண்டி ஸ்லம்ப் ஏன் மாறுகிறது என்பதை மட்டும் உள்ளிருந்து விளக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு கன மீட்டருக்கு 350 கிலோ சிமென்ட், 160 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். நீர்-சிமென்ட் விகிதம் ஏறத்தாழ 0.46. அதே கன மீட்டரில் 750 கிலோ மணல் இருக்கிறது. மணலில் 3 சதவீத ஈரம் என்று கணினியில் பதிவாகியிருக்க, மழைக்குப் பிறகு உண்மையில் 5 சதவீதம் ஆகியிருந்தால், எவரும் குழாயைத் திறக்காமலேயே 15 லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் கலவைக்குள் வந்துவிடுகிறது. விகிதம் 0.50 ஆகிவிடும். ஸ்லம்ப் ஏறும், வலிமை இறங்கும், காலப்போக்கில் நீர் ஊடுருவும் தன்மையும் கூடும். ஆகவே ஆலையில் மணல் குவியலுக்கு மேல் கூரை இருக்கிறதா, ஈரம் அளக்கும் சென்சார் இருக்கிறதா, அல்லது யாராவது நாளுக்குச் சில முறையாவது கையால் அளந்து திருத்துகிறார்களா என்பது பளபளக்கும் அலுவலகத்தைவிடப் பல மடங்கு முக்கியமானது.

அதே 15 லிட்டர் உங்கள் தளத்திலும் சேரலாம், இதையும் நான் சொல்லியாக வேண்டும். வண்டி வந்து நெடுநேரம் காத்திருக்கிறது, கான்கிரீட் இறுகத் தொடங்குகிறது, பம்ப் ஆபரேட்டர் ஓட்டுநரிடம் "கொஞ்சம் தண்ணி விடுங்க" என்கிறார். 6 கன மீட்டர் வண்டியில் 90 லிட்டர் விட்டால் கன மீட்டருக்கு 15 லிட்டர் ஆகிவிட்டது. அதை யாரும் செலானில் (லோடோடு வரும் சீட்டு) எழுதுவதில்லை. பிறகு கியூப் தவறும்போது ஆலையின் மேல் பழி வருகிறது. கலந்ததிலிருந்து 90 நிமிடம் என்பது பல தரநிலைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் எல்லை. இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சேர்த்திருந்தால் முன்கூட்டியே பேசி நீட்டிக்கலாம். ஸ்லம்ப் குறைந்தால் தண்ணீருக்குப் பதிலாக, ஆலையின் தொழில்நுட்பர் அனுமதித்த அளவில் அட்மிக்சரை மட்டும் சேர்க்க வேண்டும், சேர்த்த அளவையும் நேரத்தையும் செலானில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். எங்கள் வாடிக்கையாளர்களில் இதைக் கடைப்பிடிக்கும் தளங்களோடு எங்களுக்குத் தகராறு வருவதே அபூர்வம்.

தரப்பொறியாளர் நண்பருக்கு நான் தரும் முக்கியமான ஆலோசனை, பாஸ், ஃபெயில் என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடாதீர்கள் என்பதுதான். எம்30 என்றால் சோதனை முடிவுகளில் 5 சதவீதத்துக்கு மேல் 30 மெகாபாஸ்கலுக்குக் கீழே போகக் கூடாது என்பது பொருள். அதற்காக நாங்கள் கலவையை வடிவமைக்கும்போது, 30 உடன் திட்ட விலக்கத்தின் (முடிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 1.65 மடங்கைக் கூட்டிக் கிடைக்கும் அளவை இலக்காக வைக்கிறோம். ஆலையின் திட்ட விலக்கம் 5 என்றால் இலக்கு 38 மெகாபாஸ்கலைத் தாண்டும், 3.5 என்றால் 36க்குச் சற்றுக் குறைவாகவே போதும். சீராக உற்பத்தி செய்யும் ஆலைக்குக் குறைந்த சிமென்ட்டிலேயே அதே பாதுகாப்பு கிடைக்கிறது. எனவே ஒவ்வொரு சப்ளையரிடமும் கடந்த மாதங்களின் கியூப் முடிவுகளைச் சராசரியோடும் திட்ட விலக்கத்தோடும் கேளுங்கள். உங்கள் தளத்தின் முடிவுகளையும் தேதி வரிசையில் ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். எல்லாமே பாஸ் ஆகியிருந்தாலும் கோடு மெல்ல இறங்குவதை நீங்கள் கண்ணால் பார்ப்பீர்கள். ஃபெயில் வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அழைத்துப் பேச அது போதுமான ஆதாரம்.

இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் ஏதோ ஒரு மாற்றம்தான்: ஜல்லி வேறு குவாரியிலிருந்து வருகிறது, சிமென்ட் பிராண்ட் மாறியிருக்கிறது, அட்மிக்சர் மாறியிருக்கிறது. விலையை இறுக்கும்போது இந்த மாற்றங்கள் சத்தமில்லாமல் நடக்கும். "மூலப்பொருள் எதுவும் மாறும் முன் எழுத்தில் தெரிவித்து, சோதனைக் கலவை முடிவோடு அனுமதி பெற வேண்டும்" என்ற ஒரு நிபந்தனையை ஆர்டரில் சேர்த்துவிடுங்கள். குவாரி என்பது சாதாரண விஷயம் அல்ல. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிர்ரோடைட் என்ற கனிமம் கலந்த ஜல்லியால் செய்த வீட்டு அடித்தளங்கள், போட்டபோது வலிமையாகவே இருந்து, பல ஆண்டுகள் கழித்து வெடித்து நொறுங்கின. எந்தக் கியூப் சோதனையும் அதைக் காட்டியிருக்காது. ஜல்லியின் கனிமத்தை ஆராய்ந்திருந்தால் மட்டுமே தெரிந்திருக்கும்.


பதில் 3
பதிவிட்டவர்: மூன்றாம் தரப்பு ஆய்வாளர்

ஹீட் நம்பர் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது என் அன்றாட வேலை என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மில் டெஸ்ட் சர்டிபிகேட் என்பது ஓர் உருக்குத் தொகுதியின் வேதியியல் கூறுகளையும் இழுவிசைச் சோதனை முடிவுகளையும் சொல்லும் ஆவணம். அந்தத் தாளும் உங்கள் தளத்தில் கிடக்கும் கம்பியும் ஒன்றையொன்று சேர்ந்தவை என்று காட்டுவது ஹீட் நம்பர் ஒன்றுதான். தகடு இல்லாத கட்டுக்கு வரும் சர்டிபிகேட், வேறு எதற்கோ உரிய தாள். இடைத்தரகர் கட்டைப் பிரித்துப் பல வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும்போது தகடு முதல் வாடிக்கையாளரோடு போய்விடுகிறது. சர்டிபிகேட்டை மட்டும் எல்லாருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆகவே இறக்கும் முன்பே தகட்டைப் படம் எடுங்கள். சர்டிபிகேட்டில் உள்ள எண், விட்டம், எடை ஆகியவற்றோடு செலானை ஒப்பிடுங்கள். அந்த ஹீட்டுக்கு ஆலை எத்தனை டன் அனுப்பியது என்பதை ஆலையிடமே நேரடியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள். டீலர் தரும் தொலைபேசி எண்ணுக்கு அழைக்காமல், ஆலை தானே வெளியிட்டிருக்கும் முகவரிக்கு எழுதிக் கேளுங்கள்.

தளத்திலேயே சில நிமிடங்களில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கம் செய்து 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது கிடைக்கும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 16 மி.மீ. கம்பி 1.58 கிலோ. ஒரு மீட்டர் துண்டை நேராக வெட்டி நல்ல தராசில் வையுங்கள். உங்கள் தரநிலை அனுமதிக்கும் விலக்கத்தைவிடக் குறைவாக இருந்தால், மேற்கொண்டு எதையும் பார்க்காமல் அந்த லோடை ஓரமாக நிறுத்துங்கள். எடை குறைந்த கம்பியை எண்ணிக்கைக் கணக்கில் வாங்கினால் பணமும் போகிறது, பீமில் இருக்க வேண்டிய உருக்கும் போகிறது.

சர்டிபிகேட்டிலும் வகைகள் இருக்கின்றன என்பதைக் கொள்முதல் பிரிவுக்குச் சொல்லுங்கள். உலோகப் பொருள்களுக்கான ஈ.என். 10204 தரநிலையில் 2.1 என்பது "ஆர்டருக்கு ஏற்ப உள்ளது" என்று தயாரிப்பாளர் தரும் வெறும் அறிவிப்பு. அதில் சோதனை முடிவே இராது. 2.2இல் முடிவுகள் இருக்கும், ஆனால் அவை உங்களுக்கு அனுப்பிய அதே தொகுதியைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டியதில்லை. 3.1இல் உங்களுக்கு வரும் தொகுதியின் முடிவுகளை, உற்பத்திப் பிரிவைச் சாராத ஆய்வுப் பொறுப்பாளர் உறுதி செய்கிறார். 3.2இல் அதோடு வாங்குபவரின் பிரதிநிதியோ விதிமுறைப்படி நியமிக்கப்பட்ட ஆய்வாளரோ சேர்ந்து கையெழுத்திடுகிறார். "சர்டிபிகேட்டுடன் அனுப்பவும்" என்று ஆர்டரில் எழுதினால் 2.1 வரும், அதில் சப்ளையரின் தவறு எதுவும் இல்லை. கட்டமைப்பு உருக்குக்கும் முக்கிய போல்ட்டுகளுக்கும் 3.1 என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தாளை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஜப்பானில் 2017இல் கோபே ஸ்டீல் நிறுவனமும், 2018இல் நிலநடுக்க அதிர்வைத் தாங்கும் டேம்பர்களைச் செய்யும் கே.ஒய்.பி. நிறுவனமும் சோதனைத் தரவுகளை மாற்றியதைத் தாமே ஒப்புக்கொண்டன. லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் உயிரிழந்தார்கள். அதை விசாரித்த ஆணையம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட இறுதி அறிக்கையில், முகப்புத் தகடுகளையும் வெப்பக் காப்புப் பொருளையும் தயாரித்து விற்றவர்கள் சோதனை முறைகளை வேண்டுமென்றே வளைத்து, சந்தையைத் தவறாக வழிநடத்தினார்கள் என்று பதிவு செய்திருக்கிறது. இதைச் சொல்வதன் நோக்கம் எல்லாரையும் சந்தேகிக்கச் சொல்வது அல்ல. உயிருக்குப் பொறுப்பான பொருள்களில் தயாரிப்பாளரின் தாளோடு நிற்காமல், நீங்களே மாதிரி எடுத்து, ஐ.எஸ்.ஓ. 17025 (சோதனைக்கூடங்களின் திறனுக்கான தரநிலை) அங்கீகாரம் பெற்ற லேபில் சோதிக்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த அங்கீகாரமும் குறிப்பிட்ட சோதனைகளுக்கு மட்டும் உரியது. உங்களுக்கு வேண்டிய சோதனை அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதிரியைச் சப்ளையரின் ஆள் எடுத்துக்கொண்டு போய் லேபில் கொடுக்கும் பழக்கம் உங்கள் தளத்தில் இருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள். உங்கள் ஆள் குவியலின் நடுவிலிருந்து தேர்ந்தெடுத்து, முத்திரையிட்டு, தானே ஒப்படைக்க வேண்டும்.


பதில் 4
பதிவிட்டவர்: ஸ்டோர் பொறுப்பாளர்

மேலே உள்ளவர்கள் தொழில்நுட்பத்தை நன்றாகவே சொல்லிவிட்டார்கள். தளத்தின் கேட்டில் நிற்பவன் என்ற முறையில் சிறிதாக ஒன்றைச் சேர்க்கிறேன். இரவில் வரும் லோடை இரவிலேயே இறக்கி, ஏற்கெனவே இருக்கும் குவியலோடு சேர்த்துவிட்டால், காலையில் எந்த ஆய்வாளர் வந்தும் பயனில்லை. எது பழையது, எது புதியது என்றே தெரியாது. அதனால் எங்கள் தளத்தில் சோதனை முடியாத பொருளுக்கென்று கயிறு கட்டிய தனி இடம் வைத்திருக்கிறோம். சிவப்பு அட்டை மாட்டிய பொருளை எந்த மேஸ்திரி கேட்டாலும் கொடுப்பதில்லை. அட்டையை மாற்றும் அதிகாரம் தரப் பிரிவுக்கு மட்டுமே உண்டு. சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரத்தைப் பார்த்து, பழையதை முதலில் வெளியே விடுகிறோம். மூன்று மாதம் தாண்டியதை மறுசோதனை இல்லாமல் விடுவதில்லை. அட்மிக்சர் டிரம்மிலும் சீலன்ட் ட்யூபிலும் காலாவதித் தேதி இருக்கும், அதைப் படிப்பதற்குப் பொறியாளர் தேவையில்லை. ஸ்டோரில் இருப்பவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு முறை சொல்லிக் கொடுத்தால் போதும். தரப் பிரிவில் ஆள் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டோர் ஊழியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கை தானாகக் கூடும்.


பதில் 5
பதிவிட்டவர்: தளத்தரம்

அனைவருக்கும் மிக்க நன்றி. ஆர்டரின் வாசகத்தைத் திருத்துவதையும், மூலப்பொருள் மாற்றத்துக்கு முன் அனுமதி பெறும் நிபந்தனையையும் உடனே தொடங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. எங்களிடம் சப்ளையர்களுக்கு மதிப்பெண் போடும் படிவம் ஒன்று இருக்கிறது. விலை, நேரம், தரம், ஆவணம் என்று நான்கு தலைப்பு, எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுக்கிறோம். தரத்தில் சறுக்கியவர்களும் நேரத்துக்கு வந்ததால் நல்ல மதிப்பெண் பெற்றுவிடுகிறார்கள். இதை எப்படித் திருத்துவது? அடுத்து, சில பொருள்களுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சப்ளையர்தான் இருக்கிறார். "உங்களை நீக்கிவிடுவோம்" என்று அவரிடம் சொல்வதில் அர்த்தமே இல்லை என்பது அவருக்கும் தெரியும். அப்படிப்பட்டவரை எப்படிக் கையாள்வது?


பதில் 6
பதிவிட்டவர்: மூத்த கட்டுநர்

சராசரி எடுப்பதை விட்டுவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. கட்டமைப்புப் பொருளில் ஒரு பெரிய குறை நேர்ந்தால், மற்ற தலைப்புகளில் எத்தனை மதிப்பெண் இருந்தாலும் அந்தச் சப்ளையரின் நிலை "நிபந்தனையுடன்" என்று இறங்கிவிட வேண்டும். குறையின் காரணம் கண்டறியப்பட்டு, திருத்தம் தளத்தில் சரிபார்க்கப்பட்ட பிறகே பழைய நிலைக்கு வர வேண்டும். மதிப்பெண்ணை ஆண்டுக்கு ஒருமுறை அலுவலகத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து போடாமல், ஒவ்வொரு லோடின் பதிவிலிருந்தும் எடுங்கள்: எத்தனை லோடு வந்தது, எத்தனை திருப்பி அனுப்பப்பட்டது, எத்தனை முறை ஆவணம் பொருந்தவில்லை, புகாருக்குப் பதில் வர எத்தனை நாள் ஆனது. அந்தத் தாளைச் சப்ளையருக்கும் அனுப்புங்கள். தன் பெயருக்கு எதிரே என்ன எழுதப்படுகிறது என்று தெரிந்தால் மட்டுமே அவரால் திருத்திக்கொள்ள முடியும்.

புகார் அறிக்கைக்கு வரும் பதிலையும் கூர்ந்து படியுங்கள். "இனிமேல் கவனமாக இருப்போம்", "ஊழியருக்கு அறிவுறுத்திவிட்டோம்" என்பவை திருத்த நடவடிக்கை அல்ல; அந்த அறிக்கையை மூடாதீர்கள். அதே தொகுதியின் பொருள் வேறு எங்கெல்லாம் போயிருக்கிறது, குறை எந்தக் கட்டத்தில் நுழைந்தது, அனுப்பும் முன் ஏன் கண்ணில் படவில்லை, எந்தக் கருவியிலோ முறையிலோ என்ன மாற்றம் செய்தீர்கள் என்ற நான்குக்கும் விடை வரும்வரை அது திறந்தே இருக்கட்டும்.

கொள்முதல் பிரிவோடு பேசும்போது தரம் என்ற சொல்லால் பேசினால் எடுபடாது, செலவால் பேசுங்கள். ஒரு லோடு திருப்பி அனுப்பப்பட்டால் எத்தனை ஆட்கள் எத்தனை மணி நேரம் வேலையின்றி நின்றார்கள், பம்ப் வாடகை எவ்வளவு, உடைத்து மறுபடி செய்த வேலை எவ்வளவு, மறுசோதனைக்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு முறையும் எழுதி, அந்தச் சப்ளையரின் விலையோடு கூட்டிக் காட்டுங்கள். விலை குறைவு என்று தேர்ந்தெடுத்தவர் உண்மையில் விலை அதிகமானவர் என்பது அவர்களுடைய கணக்கிலேயே தெரிந்துவிடும். தரப் பிரிவின் பல நாள் வாதத்தை அந்த ஒரு தாள் முடித்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒற்றைச் சப்ளையர் விஷயத்தில் மிரட்டல் பயன்படாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அங்கே செய்யக்கூடியது, சோதனையை உங்கள் கேட்டிலிருந்து அவருடைய ஆலைக்கு நகர்த்துவது. எந்தக் கட்டத்தில் உங்கள் ஆள் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அடுத்த வேலைக்குப் போகலாம் என்ற நிறுத்துப் புள்ளிகளை ஒரு சோதனைத் திட்டமாக இருவரும் சேர்ந்து எழுதுங்கள். உருக்குக் கட்டமைப்பு என்றால் வெட்டிய பின், வெல்டிங்குக்குப் பின், பெயின்ட்டுக்கு முன் என்று மூன்று இடங்கள் போதும். பெயின்ட் அடித்த பிறகு வெல்டிங்கின் குறையைக் காண்பது கடினம். அவருக்கு உங்களிடமிருந்து என்ன தேவை என்றும் கேளுங்கள். வரைபடம் கடைசி நேரத்தில் மாறுகிறது, எப்போது எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டித் தெரிவதில்லை, பில் தொகை மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கிறது என்று அவர் சொன்னால், அவர் தரப்பின் தரக்குறைவுக்கு ஒரு பங்கு காரணம் நம்மிடம் இருக்கிறது. தாமதமாகப் பணம் பெறும் சிறு சப்ளையர் தன் மூலப்பொருளைக் கடனில், கிடைக்கும் இடத்தில்தான் வாங்குவார். சர்டிபிகேட், சோதனை அறிக்கை, கையெழுத்திட்ட செலான் மூன்றும் இணைக்காத பில்லை ஏற்பதில்லை என்று விதி வையுங்கள். இணைத்த பில்லுக்குச் சொன்ன தேதியில் பணம் கொடுத்துவிடுங்கள். விதியின் இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் அது நடக்கும்.


பதில் 7
பதிவிட்டவர்: தளத்தரம்

மிகவும் பயனுள்ள விளக்கம், ஐயா. கடைசியாக ஒன்று மட்டும். குறை உள்ள பொருளை, அவசரம் கருதி, "இந்த ஒரு முறை பயன்படுத்திக்கொள்வோம்" என்று தளத் தலைமை சொல்லும்போது, அந்த அனுமதியில் யார் கையெழுத்திட வேண்டும்? எங்களிடம் இப்போது கொள்முதல் மேலாளரே கையெழுத்திடுகிறார்.


பதில் 8
பதிவிட்டவர்: மூன்றாம் தரப்பு ஆய்வாளர்

கொள்முதல் மேலாளருக்கு அந்த அதிகாரம் இருக்கவே கூடாது, தரப் பிரிவுக்கும் தனியாக இருக்கக் கூடாது. பொருளுக்கு என்ன வலிமை வேண்டும் என்று கணக்கிட்டவர் கட்டமைப்பு வடிவமைப்பாளர். குறைந்த வலிமை போதுமா என்று சொல்லக்கூடியவரும் அவரே. எந்த லோடு, கட்டடத்தின் எந்தப் பகுதி, எவ்வளவு விலக்கம் என்று எழுதி அவருக்கு அனுப்புங்கள். அவர் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகு, கட்டட உரிமையாளரின் ஒப்புதலையும் வாங்கி, அந்தத் தாளைக் கட்டடத்தின் நிரந்தர ஆவணங்களோடு சேர்த்துவிடுங்கள். பதில் வரும்வரை சிவப்பு அட்டை அந்தப் பொருளின் மேலேயே இருக்க வேண்டும்.